விடைகள் என் குரலில் இருந்தன

செழியா,

நீ மகிழ்ந்திருக்கிறாய் என்று அறிந்தே இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் உன் அறைத்தோழர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தாயாம்; மருமகள் கயல்விழி சொன்னாள். "பாத்தீங்களாப்பா, எம்புள்ளைக்கு ஒன்னும் இல்ல" என்று தொலைபேசியில் நீ முழங்கியபோது நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் மகள் நறுமுகைக்கு மருத்துவமனையில் நடந்த அறிவுத்திறன் மதிப்பீட்டில் கிடைத்த விடைகள் அவளுடையவை அல்ல. என்னுடையவை. அந்த மதிப்பீடு மறுபடியும் நடக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். முழுவதையும் படித்துவிட்டு என்மேல் சினம் கொள். நடுவில் எழுந்து போய்விடாதே.

பாலர் பள்ளி ஆசிரியை கயலை அழைத்துப் பேசிய நாளை நினைத்துப் பார். "மத்த புள்ளைங்க பொம்மைக்குச் சோறு ஊட்டுதுங்க, தூங்க வைக்குதுங்க. இவ பொம்மயத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கா. பைய எடுத்து வச்சிட்டு கால்ல சப்பாத்த மாட்டுன்னு சொன்னா, பையப் பாக்குறா, என்னயப் பாக்குறா, நின்னுக்கிட்டே இருக்கா. நான் கொற சொல்லல சிஸ்டர், ஒரு தடவ காட்டிருங்க" என்று அந்த அம்மையார் சொன்னதைக் கயல் நம் இருவரிடமும் அப்படியே ஒப்பித்தாள். அவளுக்கு அது புதிய செய்தியாக இல்லை. குழந்தை பிந்தி உட்கார்ந்ததையும், பிந்தி நடந்ததையும், நான்கரை அகவையிலும் சட்டைப் பொத்தானோடு போராடுவதையும், பசிக்கிறது என்று சொல்லாமல் அடுப்படியில் நின்று அழுவதையும் நாள்தோறும் பார்த்தவள் அவள்தான். நாம் என்ன சொன்னோம்? "எங்கப்பா பேத்திய யாரு மந்தம்னு சொன்னது?" என்றாய் நீ. நானோ குழந்தையை மடியில் தூக்கி வைத்து, மேடையில் முழங்குவதுபோல் "அவையில் வீற்றிருக்கும் சான்றோர்களே" என்று தொடங்கினேன். அவளும் கையை உயர்த்தி, என் ஏற்ற இறக்கம் ஒன்று குறையாமல், "சான்றோர்களே!" என்றாள். நீ அதைப் படம் பிடித்து உறவினர் அனைவருக்கும் அனுப்பினாய். அன்று மாலை கயல் அவளிடம் "ஒம்பேரு என்ன?" என்று கேட்டதும், "பேரு என்ன" என்று அவள் திருப்பிச் சொன்னதும் எந்தப் படத்திலும் இல்லை.

மருத்துவமனையில் முதலில் செவியை ஆய்ந்தார்கள். கேட்கும் திறனில் குறையில்லை என்று தெரிந்த பின்பே மதிப்பீட்டுக்கு நாள் கொடுத்தார்கள். மதிப்பிட வந்தவர் இளம் மலாய்ப் பெண். பொறுமையும் கனிவும் உடையவர். படங்களையும் கட்டைகளையும் காட்டிக் கேட்பேன், குழந்தைக்கு மலாய் தெரியாததால் வீட்டார் ஒருவர் உள்ளே இருந்து தமிழில் சொல்லலாம் என்றார். கயல் எழுந்தாள். நான் அவளை முந்திக்கொண்டேன்.

"நீ வெளிய இரும்மா. கேக்குறத நான் கேக்குறேன்."

"மாமா, நான் போறேனே. அவளுக்கு எம்பேச்சுதான் பழக்கம்."

"நீ உள்ள போயி அழுதுக்கிட்டு நிப்ப."

"நான் எப்ப மாமா அழுதேன்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் புட்டியோடு வெளியே விசிப்பலகையில் அமர்ந்துகொண்டாள்.

நான் ஏன் முந்தினேன் என்பது உனக்குத் தெரியும். கோலா சிலாங்கூரிலும் ஜெராமிலும் சுங்கை ஆயர் தாவாரிலும் எத்தனை மண்டபங்களில் முழங்கியிருக்கிறேன்! எம் தோட்டத்துப் பிள்ளையை அவன் வீட்டில் ஒலிக்காத மொழியில் கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கவில்லை என்பதற்காக அறிவில்லாதவன் என்று எழுதுவதற்கு எந்தக் கைக்கு உரிமை உண்டு என்று கேட்டிருக்கிறேன். அந்த முழக்கத்தில் ஒரு சொல்லையும் இன்றும் திரும்பப் பெறமாட்டேன். வேற்றுமொழியில் கேட்டு விளைந்த மௌனத்தைக் குறைபாடு என்று பதிவது கொடுமை. ஆனால் அதே கொடுமைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தாய்மொழியில் கேட்டு, விடையையும் தாய்மொழியிலேயே ஊட்டிவிட்டு, குறைபாடு இல்லை என்று பதியச் செய்வது. அந்தப் பக்கத்தில் நான் நின்றேன்.

நான் சொல்வதைச் சொன்னபடியே, ஒரே முறை சொல்லுங்கள், கையால் காட்டாதீர்கள் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். கையால் காட்டவில்லை. இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஆனால் என் தொழில் கையில் இல்லையே, மகனே! மேடையில் நிற்பவன் கூட்டத்தைப் பார்த்து வினாத் தொடுக்கும்போதே விடையைக் குரலுக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறான். "நாம் பணிவதா... நிமிர்வதா!" என்று கேட்டால், எந்தக் கூட்டமும் பணிவோம் என்று சொன்னதில்லை. எந்தச் சொல்லில் குரல் எழுகிறதோ அந்தச் சொல்லைக் கூட்டம் பிடித்துக்கொள்ளும். அந்த அறையிலும் அதுவே நடந்தது. "எது பெரிசு கண்ணு? பூனையா... யானையா!" அவள் யானையைத் தொட்டாள். "எது சாப்பிடுறது? செருப்பா... வாழப்பழமா!" வாழைப்பழத்தைத் தொட்டாள். ஒவ்வொரு விடைக்கும் என் முகம் மலர்ந்தது; மலர்ந்த முகத்தைப் பார்த்து அவளும் மலர்ந்தாள். ஒரு முறை அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி, "பாக்சிக், கொஞ்சம் ஒரே சீராகச் சொல்லுங்கள்" என்று பெரியவர்களை விளிக்கும் மலாய்ச் சொல்லால் என்னை விளித்துக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினேன். சீராகத்தான் சொல்கிறேன் என்று நம்பினேன்.

அறிந்து செய்தேனா என்று நீ கேட்கலாம். அறியாமல் செய்தேன் என்று சொல்ல நா எழவில்லை. அறிந்து செய்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. அவள் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மட்டுமே அங்கே அமர்ந்திருந்தது. அந்த ஆசைக்கு என் தொண்டை ஏவல் செய்தது.

பிறகு வீட்டில் அவள் தானாகச் செய்யும் செயல்களைப் பற்றிக் கேட்டார்கள். உண்கிறாளா, உடுத்துகிறாளா, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறாளா. படத்தைக் காட்டிக் கேட்பது பாதிதான், அன்றாடம் எப்படி வாழ்கிறாள் என்பது மறுபாதி என்று அவர் விளக்கினார். கயல் முன்பே உண்மையைச் சொல்லியிருந்தாள். நான் மறுத்தேன். உன்னையும் தொலைபேசியில் அழைத்தார்கள். நீ என்னை விஞ்சினாய்: "எல்லாம் அவளே செய்வா, அவங்கம்மாதான் செல்லம் குடுத்துக் கெடுக்குறா." அன்றிரவு கயலிடம், "நம்ம புள்ளய நீயே ஏன் மட்டம் தட்டுற?" என்றும் கேட்டாயாம். மாதத்துக்கு ஒரு முறை வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவன் நீ. பொத்தானை யார் போட்டுவிட்டார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? பேச்சு மட்டும் சற்றுப் பின்தங்கியிருக்கிறது, மற்றவை ஏறத்தாழ அகவைக்கு ஏற்ப உள்ளன, ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று முடிவு வந்தது. நீ இனிப்பு வாங்கினாய்.

அதே வார இறுதியில் அவள் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். நீ படத்தில் பார்த்த கைக்கட்டு அதனால் வந்தது என்று அறிவாய். அதற்கு முன் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. விளையாட்டுத் திடலில் அவளை ஓடிப் போய்த் தூக்கியவன் நான். "ஒன்னும் இல்லதானே கண்ணு? வலிக்கலதானே?" என்று கேட்டேன். "வலிக்கல" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். கூட்டிக்கொண்டு வந்து விளையாட விட்டேன். பொழுது சாய்ந்த பின் கயல் குளிப்பாட்டும்போது, "மாமா! இங்க வந்து கையப் பாருங்க!" என்று அலறினாள். மணிக்கட்டு வீங்கிக் கனன்றுகொண்டிருந்தது. "வலிக்குதாடி? வலிக்குதா?" என்று தாய் நடுங்கிக் கேட்டாள். "வலிக்குது" என்றது குழந்தை. எனக்கு நம்ப முடியவில்லை. குனிந்து, "வலிக்கலல்ல கண்ணு?" என்றேன். "வலிக்கல" என்றது. ஒரே கை, ஒரே வீக்கம், இரண்டு குரல்கள், இரண்டு விடைகள். கயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டாள்.

மறுநாள் காலை, கட்டுப் போட்ட கையோடு அடுப்படித் தரையில் அமர்ந்திருந்தவள் முன் நானும் அமர்ந்தேன். "எது பெரிசு கண்ணு? எறும்பா!... யானையா." ஏற்றத்தை எறும்பின்மேல் வைத்தேன். "எறும்பு!" என்று சொல்லிவிட்டு, நான் முகம் மலர்வதற்காகக் காத்திருந்தாள். பிறகு எந்தப் பக்கமும் சாயாமல், கல்லைப் போலக் கேட்டேன். விடை சொல்லவில்லை. என் உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் உதட்டைப் பார்த்தாள். என்ன சொன்னால் நான் மகிழ்வேன் என்பதை என் முகம் முழுவதும் தேடினாள். நூறு மேடைகளில் ஆயிரம் கண்கள் என்னை அப்படிப் பார்த்ததுண்டு. அவற்றை நான் வெற்றி என்று எண்ணி வாழ்ந்திருக்கிறேன். அந்த இரண்டு கண்களை மட்டும் அப்படி எண்ண முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கண்களை நான் முன்பே கண்டிருக்கிறேன்.

உன் சித்தப்பன் மாரிமுத்துவைப் பற்றி உனக்குப் பெயரளவில்தான் தெரியும். சிறு அகவையில் நோயில் இறந்தான் என்று சொல்லி முடித்துவிடுவேன். எனக்கு இரண்டு ஆண்டு இளையவன். ஜெராம் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவனை "ஆமா மாரி" என்பார்கள். ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பும்போது, அவர்களை மேற்பார்க்கும் மண்டோர் அவனை வழிமறிப்பார்.

"டேய் மாரி, நீதான தொரைக்கு மச்சான்?"

"ஆமா!"

"நாளைலேருந்து நீதான் ஆபிஸ் கிராணி, நான் ஒங்கிட்ட கைகட்டி நிக்கணும், என்னா?"

"ஆமா!"

லயமே சிரிக்கும். எல்லாரையும்விட உரக்க அவன் சிரிப்பான். அவனை யாரும் வெறுத்ததில்லை. ஆளுக்கொரு பண்டம் கொடுப்பார்கள். மந்தம் என்று ஒரு சொல் சொன்னார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. அவனுக்கு எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று பார்க்கலாம் என்றே எவருக்கும் தோன்றவில்லை. பார்க்கத் தெரிந்தவர்களும் அந்தத் தோட்டத்தில் இல்லை.

ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். தோட்டத்து மருந்தகத்தில் ஏதோ கலவை கொடுத்தார்கள். விடியலில் என் தாய் வேலைக்குப் புறப்படும்முன், எங்கள் இருவருக்கும் பொதுவான பாயருகே குனிந்தாள். அவள் குரல் இப்போதும் கேட்கிறது. அதில் கெஞ்சல் இருந்தது. "சரியாப் போச்சுல்ல ராசா?" அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சரியாப் போச்சு" என்றான். அவள் முகம் தெளிந்தது. அவன் முகமும் தெளிந்தது. அவள் மரக்காட்டுக்குப் போனாள். நான் பள்ளிக்குப் போனேன். அவன் அந்த நாளைக் கடக்கவில்லை. வாசற்படியருகே, உடம்பை மடக்கி, யாரையோ வரவேற்பவன்போல முகத்தைப் பாதைப்பக்கம் வைத்துக் கிடந்தான்.

அவனை எவரும் வஞ்சிக்கவில்லை என்பதுதான், செழியா, என்னை விடாமல் துரத்துகிறது. அவனிடம் கேட்டவர் பகைவர் அல்லர். உலகில் அவன்மேல் மிகுந்த அன்பு வைத்திருந்த குரல், நல்ல விடையை வேண்டிக் கேட்டது; அவன் அன்போடு அந்த விடையைக் கொடுத்தான். அதன்பின் என் தாய் சாகும்வரை எங்களில் எவரிடமும் "சரியாப் போச்சா" என்று கேட்டதே இல்லை. காய்ச்சலென்றால் அருகில் அமர்ந்து உள்ளங்கையை வயிற்றில் வைத்து, பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதை அவள் இயல்பு என்று நினைத்து வளர்ந்தேன்.

நறுமுகை இன்னொரு மாரி என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதுதான் மதிப்பீட்டின் முதற்படி. உன் அச்சம் எனக்கு விளங்குகிறது. மாற்றுத்திறனாளிக்கான ஓ.கே.யு. அட்டை கொடுத்து ஒதுக்கிவிடுவார்கள், தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள், நாளை இவளை யார் மணப்பார்கள் என்றெல்லாம் உன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் பெயர் சூட்டாவிட்டால் குறை இல்லாமல் போய்விடுமா? மாரிக்கு எந்த அட்டையும் இல்லை. நறுமுகை எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தால்தான் அங்கிருந்து கைபிடித்து நடத்த முடியும். வலிக்கிறது என்று சொல்ல வாய் வராவிட்டால் படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் பழக்கலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆனாலும். இந்த அகவையில் ஓராண்டு என்பது சிறு பொழுதன்று. இன்னொன்றையும் எண்ணிப் பார். அவள் பெண். வளர்வாள். ஒரு நாள் நீயும் நானும் இல்லாத இடத்தில் யாரோ ஒருவன் குரலை இனிமையாகத் தூக்கி, "எங்கூட வர்றியா?" என்று கேட்பான். அவள் அவன் முகத்தில் விடையைத் தேடுவாள்.

எல்லாவற்றையும் கயலிடம் சொன்னேன். வெற்றி பெற்றவளாக அவள் பேசவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல மாமா. ஒங்க ரெண்டு பேருல யாராச்சும் மைக்க எங்கிட்ட குடுத்தீங்களா?"

"இப்ப குடுக்குறேம்மா."

"எனக்கு மைக்கெல்லாம் வேணாம். போன் போட்டு அந்த டாக்டர் பொண்ணுகிட்ட உள்ளத சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். என் வாழ்நாளில் ஏற்ற இறக்கமின்றிப் பேசிய ஒரே உரை அதுதான். மறுமுனையில் அந்தப் பெண் சொன்னார்: தாய் கூறியதும் அறையில் கிடைத்த விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தமக்கும் உறுத்தல் இருந்ததாம், பெரியவர் ஒருவரை ஐயுறத் தயங்கினாராம். என் மேடைப் பெருமை ஓர் இளம்பெண்ணின் பேனாவை எப்படித் தடுத்திருக்கிறது பார்! கிள்ளானிலிருந்து தமிழ் பேசும் அலுவலர் ஒருவரை வரவழைக்கிறேன், ஒரே அமர்வில் முடிக்காமல் வேறு வேறு நாள்களில், விளையாடும்போதும் பார்க்கிறேன், கைக்கட்டு அவிழ்த்த பின் தொடங்கலாம் என்றார். நம் மொழியறிந்த ஒருவர், நம் ஆசை இல்லாத ஒருவர் கேட்கப் போகிறார். நான் மண்டபங்களில் கேட்ட உரிமையும் அதுதானே.

அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. நான் வண்டியோட்டி வருவேன். ஆனால் கட்டடத்துக்குள் வரமாட்டேன். கயல் உள்ளே போவாள். நீ வந்தால், முந்திய நாளே வந்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு நாள் முழுவதும் அவளோடு இரு. சோற்றைப் பிசைந்து கொடுக்காமல் பார். பொத்தானைப் போட்டுவிடாமல் பார். பார்த்ததை மட்டும் அவர்களிடம் சொல். நீ வராவிட்டாலும் அவளை நாங்கள் அழைத்துப் போவோம். கயல் முடிவு செய்துவிட்டாள், நான் அவள் பக்கம்.

இந்த இடத்தில் "வருவாய்தானே?" என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விடையை அதற்குள் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

வருகிறாயா, இல்லையா என்று நீயே முடிவு செய்து எழுது. எதுவாயினும் உன் சொல்லாக இருக்கட்டும், காத்திருக்கிறேன்.

உன் தந்தை